கேபிள் யார் கையில்? பயோமெடிக்கல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பயோமெடிக்கல் இன்ஜினியரிங் இறுதியாண்டு மாணவர்களுக்கு,

நான் ஆடியாலஜிஸ்ட். காது கேளாமல் பிறந்த பிள்ளைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் வைத்த பிறகு அந்தக் கருவியைப் பிள்ளைக்கேற்பச் சரிசெய்வதும், பிள்ளையைக் கேட்கப் பழக்குவதும் என் வேலை. உங்களில் சிலர் இன்டர்ன்ஷிப்புக்காக எங்கள் மருத்துவமனைக்கு வருகிறீர்கள். டீ குடிக்கும் நேரத்தில் நீங்கள் பேசிக்கொள்வது என் காதிலும் விழும். மூளையில் சிப் வந்துவிட்டால் நீட் கோச்சிங் சென்டர்களை எல்லாம் இழுத்து மூட வேண்டியதுதான் என்பார் ஒருவர். பணம் இருக்கிறவன் பிள்ளைக்கு சிப் வாங்கிக் கொடுப்பான், இல்லாதவன் பிள்ளை என்ன செய்யும் என்று இன்னொருவர் கேட்பார். எலான் மஸ்க் பெயர் இரண்டு மூன்று தடவை அடிபடும். அதற்குள் டீ ஆறிவிடும்.

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் மனித உடம்போடு கருவியைச் சேர்த்தால் சமூகம் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள 2050 வரை காத்திருக்க வேண்டாம். தலைக்குள் மின்முனை வைத்த பிள்ளைகள் இப்போதே நம் அரசுப் பள்ளிகளில் சத்துணவு வரிசையில் தட்டோடு நிற்கிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த அறுவை இலவசம். லட்சக்கணக்கில் விலையுள்ள கருவி. கொத்தனார் மகளுக்கும் கிடைத்தது, கரும்பு வெட்டப் போகிறவர் மகனுக்கும் கிடைத்தது. பணக்காரனுக்குத்தான் முதலில் போய்ச் சேரும் என்ற உங்கள் கணிப்பு இந்த ஒரு விஷயத்தில் பலிக்கவில்லை. அந்தப் பெருமையை நம் மாநிலத்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

சிக்கல் அறுவை முடிந்த ஏழாவது, எட்டாவது வருஷத்தில் தொடங்குகிறது. நான் எழுத வந்ததே அதைப் பற்றித்தான்.

உங்கள் புத்தகத்தில் காக்ளியர் இம்ப்ளாண்ட் ஒரே படமாக இருக்கும். எங்கள் அறையில் அது இரண்டு பொருள். ஒன்று உள்ளே: காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு வில்லை, அதிலிருந்து உட்காதின் நத்தைச் சுருளுக்குள் போகும் மின்முனை இழை. அதில் பேட்டரி கிடையாது. இன்னொன்று வெளியே: காதில் மாட்டும் ப்ராசஸர், தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் காயில். இவை தோலைத் தாண்டி ரேடியோ அலையில் உள்ளே இருப்பதற்கு மின்சாரமும் தகவலும் அனுப்புகின்றன. உள்ளே இருப்பது பல பத்தாண்டுகள் இருக்கும் என்ற கணக்கில் செய்தது. வெளியே இருப்பது ஐந்தாறு வருஷம், பத்திரமாக வைத்தால் ஏழெட்டு. ஒரு கம்பெனியின் ப்ராசஸர் இன்னொரு கம்பெனியின் உள்கருவியோடு வேலை செய்யாது. இரண்டு வயதில் வைத்த பிள்ளை எழுபது வயது வரை இருந்தால் ஏறக்குறையப் பத்து ப்ராசஸர் வேண்டும். பத்தையும் ஒரே கம்பெனியிடம் வாங்க வேண்டும். கல்யாணத்திலாவது விவாகரத்து உண்டு.

காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் அம்மா வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஆறு ஒலிகள் சொல்வார்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். ஒவ்வொன்றும் கேட்டதும் பிள்ளை ஒரு மணியை டப்பாவில் போட வேண்டும். லிங் டெஸ்ட் என்று பெயர். ஆயிரம் சாஃப்ட்வேர் வந்தாலும் எனக்கு இதுதான் நம்பிக்கை. ‘ஸ்’ஸுக்கு மட்டும் மணி விழவில்லையென்றால் மைக்கில் வியர்வையோ அழுக்கோ இருக்கும். விட்டு விட்டுக் கேட்கிறது என்றால் பெரும்பாலும் கேபிள். ப்ராசஸரிலிருந்து காயிலுக்குப் போகும் விரல் நீள ஒயர் அது. வளைந்து வளைந்து உள்ளே அறுந்துபோகும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஐந்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் கழுத்தை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டே உட்காருகிறாள் என்று அவள் டீச்சர் எழுதி அனுப்பியிருந்தார். பார்வைக் கோளாறோ, முதுகுத்தண்டில் ஏதாவதோ என்று கவலை. நான் கேட்டதும் அவளே சொல்லிவிட்டாள்: “இப்படி வெச்சாத்தான் மிஸ் கேக்குது.” அறுந்த கேபிள் அந்தக் கோணத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. வீட்டில் சொன்னால் அப்பாவுக்குச் செலவாகும் என்று சொல்லவில்லையாம். சில ஆயிரம் ரூபாய் ஒயருக்காக ஒரு பிள்ளை ஒரு பருவம் முழுக்கக் கழுத்தைச் சாய்த்தே பாடம் கேட்டிருக்கிறாள்.

கேபிளாவது பரவாயில்லை, கடன் வாங்கி மாற்றிவிடலாம். இந்த மாடலுக்கு இனி உதிரிபாகம் வராது, புதிய மாடலுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று ஒரு நாள் தகவல் வரும். கருவி காதில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்கு முதியோர் பட்டம் கட்டிவிடுவார்கள். புதிய ப்ராசஸர் விலை லட்சங்களில். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு நிற்கும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். சிலருக்கு உதவி கிடைக்கவும் செய்கிறது. சிலர் கூட்டுறவு வங்கியில் நகையை வைக்கிறார்கள். சிலர் மெஷினைக் கழற்றி டிரை பாக்ஸில் போட்டு பீரோவில் வைத்துவிடுகிறார்கள். ஒரே திட்டத்தில், ஒரே வருஷத்தில் அறுவை செய்துகொண்ட இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி பதினான்கு வயதில் போனில் பேசுகிறாள், இன்னொருத்தி மறுபடியும் உதட்டைப் பார்த்து ஊகிக்கிறாள். கருவி பொருத்தும் நாளில் ஏழை பணக்காரன் வித்தியாசம் இல்லை. பராமரிப்பில்தான் அது திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இது ஊனத்துக்கு வைத்தியம், மேடம், நாங்கள் பேசுவது மேம்பாட்டைப் பற்றி என்று நீங்கள் சொல்லலாம். எதிக்ஸ் பேப்பரில் இரண்டுக்கும் நடுவே கோடு போட்டுப் படித்திருப்பீர்கள். அந்தக் கோட்டை ஒரு ஆறாம் வகுப்பு மாணவி எப்படித் தாண்டினாள் என்று சொல்கிறேன். வசதியான பள்ளிகளில் டீச்சர் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்ன மைக் கொடுப்போம். அவர் பேசுவது வகுப்பு இரைச்சலைத் தாண்டி நேராக அவள் ப்ராசஸருக்குப் போகும். ஒரு நாள் பீரியட் முடிந்து டீச்சர் மைக்கை அணைக்க மறந்து ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விட்டார். அங்கே நடந்த பேச்சு முழுவதும் அவளுக்கு நேரடி ஒலிபரப்பு. மறுநாள் கணக்கு டெஸ்ட் தள்ளிப்போகிறது என்ற செய்தி ஹெட்மாஸ்டருக்குத் தெரிவதற்கு முன்னாலேயே ஆறாம் வகுப்பு பி பிரிவுக்குத் தெரிந்துவிட்டது. ஊரே காது மந்தம் என்று சொன்ன பெண், அந்த அரைமணி நேரம் அந்தப் பள்ளியிலேயே அதிகம் கேட்கிறவளாக இருந்தாள்! இன்னொன்றும் உண்டு. இடி இடிக்கிற ராத்திரியில் நாமெல்லாம் புரண்டு படுப்போம், அவள் மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குவாள். அவள் அண்ணனுக்கு இதில் பொறாமை.

மறுபக்கமிருந்தும் கோடு அழிகிறது. 2024 செப்டம்பரில் ஆப்பிளின் ஏர்பாட்ஸ் ப்ரோவை மென்பொருள் மூலம் காது கேட்கும் கருவியாகப் பயன்படுத்த அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. பாட்டுக் கேட்க வாங்கியது மருத்துவக் கருவி ஆகிறது, மருத்துவக் கருவி ஸ்டாஃப் ரூம் ரகசியம் கேட்கிறது. அதனால் மேம்பாடு என்பது தனியாக ஒரு நாள் வாசலில் வந்து கதவைத் தட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். வைத்தியத்துக்காகப் போட்ட அதே ஒயர் வழியாகத்தான் அது வரும். அந்த ஒயர் இன்று யார் பிடியில் இருக்கிறதோ, நாளைய மேம்பாடும் அவர்கள் பிடியில்தான் இருக்கும்.

இந்தக் கருவி பிறந்த கதையைப் பார்த்தால் இப்படித்தான் ஆகியிருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் தெரியவில்லை. மெல்போர்னில் கிரேம் கிளார்க் 1978இல் தன் முதல் பலவழி இம்ப்ளாண்டை வைத்தார். அவருடைய அப்பா காது மந்தமான மருந்துக் கடைக்காரர். வளைந்து வளைந்து போகிற நத்தைச் சுருளுக்குள் இழையை எப்படி நுழைப்பது என்று திணறிக்கொண்டிருந்தவர், விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போன இடத்தில் ஒரு சங்குக்குள் புல்லின் தாளைச் செலுத்திப் பார்த்துத்தான் நுனி மென்மையாகவும் அடி விறைப்பாகவும் இருக்க வேண்டும் என்று கண்டுகொண்டார். அமெரிக்காவில் பிளேக் வில்சன் குழு செய்தது எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. 1991இல் ‘நேச்சர்’ இதழில் அவர்கள் வெளியிட்ட ஒலி பகுப்பு முறைதான் இம்ப்ளாண்ட் வைத்தவர்கள் உதட்டைப் பார்க்காமலே பேச்சைப் புரிந்துகொள்ள வழி செய்தது. அரசுப் பணத்தில் செய்த அந்த ஆராய்ச்சியைப் பொதுச்சொத்தாக விட்டுக்கொடுத்தார்கள். போட்டிக் கம்பெனிகள் எல்லாம் எடுத்துப் பயன்படுத்தின. 2013இல் கிளார்க், வில்சன், வியன்னாவில் இதே ஆராய்ச்சியைத் தொடங்கிய இங்கபோர்க் ஹோக்மயர் மூவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது.

யோசித்துப் பாருங்கள். ஒலியை மூளை மொழியாக மாற்றும் அறிவு உலகத்துக்கு இலவசம். அதைக் கொண்டுபோகும் ஒயரின் நுனியில் இருக்கும் பின் மட்டும் தனிச்சொத்து.

கம்பெனி விலை ஏற்றினால் மனு போடலாம். கம்பெனியே போய்விட்டால்? இதுவும் நடந்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் செகண்ட் சைட் என்ற நிறுவனம் ஆர்கஸ் 2 என்று ஒரு செயற்கைக் கண் செய்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆல்ஃபிரட் மான்தான் காக்ளியர் கம்பெனி ஒன்றையும் தொடங்கியவர். விழித்திரை மேல் 60 மின்முனைகள், கண்ணாடியில் கேமரா. விலை ஏறக்குறைய ஒன்றரை லட்சம் டாலர். 2013இல் எஃப்.டி.ஏ. அனுமதி. உலகெங்கும் 350க்கும் மேற்பட்டவர்களுக்கு வைத்தார்கள். முகம் தெரியாது, ஆனால் கதவு எங்கே இருக்கிறது, சாலையின் வெள்ளைக்கோடு எங்கே போகிறது என்று கொஞ்சம் தெரியும். இருட்டிலேயே இருந்தவருக்கு அது சின்ன விஷயமா? பிறகு நிறுவனம் அந்தக் கருவியைக் கைவிட்டது. 2020இல் ஊழியர்களில் பெரும்பாலோரை அனுப்பிவிட்டு மூடும் நிலைக்குப் போனது. கண்ணுக்குள் கருவி வைத்திருந்தவர்களில் பலருக்கு முறையான தகவல்கூட இல்லை, விஷயம் காற்றுவாக்கில்தான் வந்து சேர்ந்தது. கண்ணாடி உடைந்தால் மாற்று கிடைக்கவில்லை. ஒருவருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் கருவியைப் பற்றி டாக்டர் யாரிடம் கேட்பார்? ‘ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம்’ பத்திரிகை 2022இல் எழுதிய பிறகுதான் இது பரவலாகத் தெரிந்தது. உங்கள் கல்லூரி நூலகத்தில் அந்தப் பத்திரிகை வருகிறது, எடுத்துப் படியுங்கள்.

நீங்கள் பேசும் எலான் மஸ்க்கின் மூளைச் சிப் நிறுவனமான நியூராலிங்கின் முதல் மனிதச் சோதனை 2024 ஜனவரியில் நடந்தது. கை கால் அசையாத ஓர் இளைஞர் மனதால் கர்சரை நகர்த்திச் செஸ் விளையாடினார். உலகமே கைதட்டியது, நானும்தான். சில வாரங்களில் மூளைக்குள் வைத்த இழைகளில் பல பின்வாங்கிவிட்டன, மென்பொருளை மாற்றிச் சமாளித்தோம் என்று கம்பெனியே பிறகு சொன்னது. சோதனை என்றால் அப்படித்தான் இருக்கும், அதில் தவறு காண மாட்டேன். முப்பது வருஷம் கழித்து அந்த இளைஞருக்கு வயசாகும்போது அந்த மென்பொருளை யார் மாற்றுவார்கள் என்ற கேள்வி மட்டும் எனக்கு நிற்கிறது.

இன்னொரு விஷயம், என் தொழிலில் இருக்கும் சிலருக்குப் பிடிக்காதது. அமெரிக்காவில் 1990இல் குழந்தைகளுக்கு இம்ப்ளாண்ட் வைக்க அனுமதி வந்தபோது காது கேளாதோர் தேசியச் சங்கம் கடுமையாக எதிர்த்தது. எங்களுக்கு ஒரு மொழி இருக்கிறது, சைகை மொழி. எங்கள் பிள்ளைகளை நோயாளிகளாகப் பார்க்காதீர்கள் என்பது அவர்கள் வாதம். கருவியே கூடாது என்ற அளவுக்கு நான் போக மாட்டேன். கேட்கத் தொடங்கிய முதல் நாள் அம்மா குரலுக்குத் திரும்பிப் பார்க்கிற பிள்ளையை அடிக்கடி பார்க்கிறவள் நான். ஆனால் அவர்கள் பயந்ததில் ஒரு பாதி இங்கே நடந்துகொண்டிருக்கிறது. இம்ப்ளாண்ட் வைத்த வீட்டில் சைகை காட்டாதீர்கள், பிள்ளை பேச்சுக்கு வராது என்று பெற்றோருக்குச் சொல்லி அனுப்புகிற பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. நான் சொல்வதில்லை. இரண்டும் இருக்கட்டும் என்பேன். ஏனென்றால் கேபிள் அறுந்த அன்று, பேட்டரி தீர்ந்த அன்று, மாடல் காலாவதியான அந்த வருஷம், அந்தப் பிள்ளைக்கு வேறு என்ன மொழி இருக்கிறது? மெஷினை நம்பி மற்ற எல்லாக் கதவையும் சாத்திவிட்டோம்.

பெரியவர்கள் பக்கமும் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார், பிறவியிலேயே காது கேட்காது, சைகையில் பேசுவார், பிளவுஸ் தைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பத்து வருஷம் முன்பு வாடிக்கையாளர்கள் அளவைக் கையில் எழுதிக் காட்டுவார்கள், சிரித்துக்கொண்டே வேலை நடக்கும். இப்போது, “ஏம்மா, நீ மெஷின் வெச்சுக்கலையா? கவர்மென்ட்டே ஃப்ரீயா குடுக்குதே?” என்று கேட்கிறார்கள். அவர் வயதுக்கு, மொழி பழகாத காதில் அதை வைத்துப் பெரிய பயன் இருக்காது என்று கேட்பவர்களுக்குத் தெரியாது. கருவி வந்த பிறகு, இல்லாதது அவருடைய குற்றம் ஆகிவிட்டது. மேம்பாட்டுக் கருவி எது வந்தாலும் இதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன். சிலருக்குக் கூடுதல் வசதியாக வந்தது கொஞ்ச நாளில் எல்லாருக்கும் கடமை ஆகிவிடும். நினைவாற்றல் கூட்டும் சிப் ஒன்று வந்தால் முதலில் அதைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்பார்கள், அப்புறம் போடாதவனுக்கு ஏன் வேலை கொடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். ஸ்மார்ட்போன் இல்லாமல் இன்று ஒரு அரசு விண்ணப்பம் போட முடிகிறதா?

சட்டம் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். சிலி நாட்டில் 2021இல் மூளைச் செயல்பாட்டைக் காக்கும் திருத்தத்தை அரசியல் சாசனத்திலேயே சேர்த்தார்கள். 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒரு முன்னாள் செனட்டரின் மூளைத் தகவலை அழிக்கும்படி ஒரு கம்பெனிக்கு உத்தரவிட்டது. நல்லது. தகவலைக் காத்துவிட்டார்கள், கேபிளைக் காக்க யாரும் வரவில்லை. நம் நாட்டில் நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. முதலில் எடுத்துக்கொண்ட துறைகள் நான்கு: விவசாயக் கருவிகள், மொபைல் போன், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள். டிராக்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் இடம் இருக்கிறது, பிள்ளையின் காதுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

வேறு விதமாகச் செய்யவும் முடியும். 1968இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து செய்த செயற்கைக் காலைப் பாருங்கள். ரப்பர், மரம், உள்ளூர்ப் பட்டறை. வயலில் இறங்கலாம், சம்மணம் போட்டு உட்காரலாம். உடைந்தால் பக்கத்து ஊரில் பட்டறைக்காரர் ஒருவர் கைவைத்துச் சரிசெய்துவிடலாம் என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது. எலெக்ட்ரானிக்ஸை ரப்பர் போல் செய்ய முடியாது என்பது எனக்கும் தெரியும். உங்களுக்கு அது தெரிந்த பிறகும் வேறென்ன செய்யலாம் என்று யோசிக்கத்தான் நாலு வருஷம் படிக்கிறீர்கள்.

ஆகவே கேம்பஸ் இன்டர்வியூவில் இம்ப்ளாண்ட் செய்கிற கம்பெனிக்காரர் யாராவது வந்தால், பேக்கேஜ் எவ்வளவு என்று கேட்ட பிறகு இதையும் கேளுங்கள். கருவியை நிறுத்தினால் எத்தனை வருஷம் உதிரிபாகம் கொடுப்பீர்கள்? கம்பெனி மூடினால் வரைபடமும் மென்பொருளும் யாரிடம் போகும், அதை இப்போதே ஒரு பொது நிறுவனத்தில் ஒப்படைத்து வைப்பீர்களா? ஒயரும் பேட்டரியும் ஏன் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக இருக்கக் கூடாது? செல்போன் சார்ஜரை ஐரோப்பாவில் சட்டம் போட்டு ஒன்றாக்கினார்களே, அதேபோல் இதற்கு வேண்டாமா? வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தால் வேலை கிடைத்த பிறகு கேளுங்கள். உள்ளே இருந்து கேட்கும் கேள்விக்கு மதிப்பு அதிகம். அரசு டெண்டர் எழுதுகிற பக்கம் போனால் இன்னும் நல்லது. ஆயிரக்கணக்கில் கருவி வாங்குகிற மாநிலத்துக்கு, இருபது வருஷ உதிரிபாகம் என்று ஒரு வரி சேர்க்கிற பலம் இருக்கிறது. அந்த வரியை எழுதத் தெரிந்த இன்ஜினியர் ஒருவர் அந்த மேஜைக்கு வேண்டும்.

அதற்கு முன் உங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் இருக்கிறது. ஆர்டுயினோ வைத்து நாடித்துடிப்பு காட்டும் மெஷினை உங்கள் சீனியர்கள் போதும் போதும் என்கிற அளவுக்குச் செய்துவிட்டார்கள். எங்கள் அறைக்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று, காயில் கேபிள் உள்ளே அறுந்திருக்கிறதா என்று வளைத்து வளைத்துப் பார்த்துச் சொல்லும் சின்ன டெஸ்டர், அம்மாவே வீட்டில் வைத்துப் பார்க்கிற மாதிரி, பச்சை சிவப்பு விளக்கோடு. இன்னொன்று, நம் ஊர் வியர்வைக்குத் தாங்குகிற மைக் உறை. அறுந்த கேபிள்கள் ஒரு டப்பா நிறைய என்னிடம் இருக்கின்றன, தருகிறேன். புதிய கேபிளில் கைவைக்கும் முன் வாரண்டி அட்டையை ஒரு தடவை முழுக்கப் படித்துவிடுங்கள். பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கும். அதைப் பெற்றோருக்குத் தமிழில் இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தாலே பாதி ப்ராஜெக்ட் முடிந்த மாதிரி. கருவியைப் பிள்ளைக்கேற்பச் சரிசெய்யும் மேப்பிங் இல்லாத நாட்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீ நேரப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆடியாலஜிஸ்ட்